சங்கத்தின் பெயர் யாருக்குச் சொந்தம்?

2025ஆம் வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி இரவு, கல்கத்தா ஸால்ட் லேக் மைதானத்தில் நடந்த ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதிப் பந்தயத்தில் மோகன் பகான் சங்கத்தார் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தாரை ஜயித்தனர். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்று, பெனால்டி உதைகளில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவு ஏற்பட்டது. ஒரே ஊரின் இரண்டு சங்கங்கள் மோதும் பந்தயத்தை ஆங்கிலேயர் 'டெர்பி' என்பார்கள். வங்காளிகள் அதைப் 'பெரிய ஆட்டம்' என்று மட்டும் சொல்வார்கள். எந்த ஆட்டம் என்று அங்கே யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்த ஆட்டத்தில் ஜயித்த பக்கத்துக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது. தோற்ற பக்கத்துக்கும் கிடையாது.

ஆனால் இந்த ஜயத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அதே மோகன் பகான் அபிமானிகள் தங்கள் சங்கத்து நிர்வாகத்தைப் பகிரங்கமாகக் கண்டித்திருந்தனர். ஆசியச் சங்கங்களுக்கான போட்டியில், செப்டம்பர் 30ஆம் தேதி ஈரான் தேசத்து ஸெபஹான் சங்கத்தோடு அவர்கள் அணி ஆடியிருக்க வேண்டும். பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தைக் காரணமாகச் சொல்லி அணி ஈரானுக்குப் போகவில்லை. 2024ஆம் வருஷத்திலும் தப்ரீஸ் நகரத்து ஆட்டத்துக்கு இவ்விதமே போகாமலிருந்து, போட்டியிலிருந்து விலகியதாகத் தீர்மானிக்கப்பட்டது. இரண்டாம் முறையும் அதே கதி நேர்ந்தது. போகாதது சரியா தவறா என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அபாயம் உள்ள இடத்துக்கு ஆட்டக்காரர்களைப் போகச் சொல்வது எளிய காரியமன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறு. சங்கத்தின் மானம் எது, அவமானம் எது என்ற விஷயத்தில் முடிவு செய்யும்போது, அந்தச் சங்கத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நிற்கும் ஜனங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கடமை நிர்வாகஸ்தர்களுக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.

கோட்டுச்சேரியில் இருந்துகொண்டு கல்கத்தாக் கால்பந்தைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கோட்டுச்சேரி மேட்டு மணலில் மாலை வேளையில் பந்து உதைக்கும் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜனங்கள் திரண்டு நின்று ஒரு ஸ்தாபனத்தை வளர்க்கிறார்கள். பிற்பாடு பணம் வந்து அதன் நிர்வாகத்தை எடுத்துக்கொள்கிறது. ஜனங்கள் கிளர்ச்சி செய்கிறார்கள். சில சமயம் ஜயிக்கவும் ஜயிக்கிறார்கள். ஆயினும் அதிகாரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இது அரசியல் இல்லையென்றால் வேறு எதை அரசியல் என்பது?

மோகன் பகான் சங்கம் 1889ஆம் வருஷம் ஆகஸ்டு 15ஆம் தேதி ஆரம்பிக்கப்பட்டது. 1911ஆம் வருஷம் ஜூலை 29ஆம் தேதி, இதே ஐ.எப்.ஏ. ஷீல்டின் இறுதிப் பந்தயத்தில், ஈஸ்ட் யார்க்ஷையர் ரெஜிமென்டு என்ற வெள்ளைப் பட்டாளத்தாரை அது இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. நம்மவர் பதினொருவரில் ஒருவர் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரிகள் பூட்ஸ் அணிந்திருந்தார்கள். சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் போட்டார்கள். உள்ளே ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் தொலைவில் நின்ற ஜனங்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கணக்கு அறிவித்தார்களாம். அந்த வருஷம் டிஸம்பரில் வங்காளப் பிரிவினை ரத்தாயிற்று; இந்தியாவின் தலைநகரும் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்பட்டது. இவையெல்லாம் கால்பந்தின் விளைவே என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போக மாட்டோம். ஆனால் பட்டாளத்தாரைத் தோற்கடித்தவர்கள் பதினொருவர் என்றால், அந்தத் தோல்வியை ஒரு தேசத்தின் ஜயமாக ஆக்கியவர்கள் வெளியே நின்று பட்டத்தை அண்ணாந்து பார்த்த அந்த ஜனங்களே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஈஸ்ட் பெங்கால் சங்கம் பிறந்த கதையும் ரஸமானது. 1920ஆம் வருஷம் ஜூலை 28ஆம் தேதி ஜோராபகான் சங்கம் மோகன் பகானோடு ஆடியபோது, கிழக்கு வங்காளத்தவரான சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை விலக்கிவைத்தது. ஏன் என்று கேட்டும் தக்க பதில் கிடைக்காமற்போகவே, அந்தச் சங்கத்தின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி அங்கிருந்து வெளியேறினார். ஆகஸ்டு முதல் தேதியன்று ஈஸ்ட் பெங்கால் சங்கம் ஏற்பட்டுவிட்டது. கோபம் ஆறுவதற்குள் காரியத்தை முடித்துவிட்டார்கள்! 1947ல் தேசம் பிளவுபட்டபோது, கிழக்கு வங்காளத்திலிருந்து வீடுவாசல் இழந்து லக்ஷக்கணக்கானவர்கள் கல்கத்தாவுக்கு வந்தனர். விட்டுவந்த நாட்டின் பெயர் அழியாமல் மிஞ்சியிருந்த இடம் அவர்களுக்கு இந்தச் சங்கந்தான். இன்றும் ஈஸ்ட் பெங்கால் ஜயித்தால் ஹில்ஸா மீனும், மோகன் பகான் ஜயித்தால் இறாலும் வாங்கிச் சமைப்பது அங்கே வழக்கம். ஹில்ஸா ஒரு காலத்தில் நமது காவிரியிலும் கடலிலிருந்து ஏறி வந்த மீன்தான். 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு நம் பக்கத்தில் அது அருகிப்போயிற்று. கங்கைக் கழிமுகத்தில் இன்றும் அது ஒரு சங்கத்தின் சின்னமாக இருக்கிறது.

இவ்வளவு பழைய உறவு உள்ள இடத்தில், 2020ஆம் வருஷத்தில் என்ன நடந்தது? அந்த வருஷம் ஜனவரியில் ஆர்.பி.எஸ்.ஜி. என்ற பெரிய வியாபாரக் குழுவினர் மோகன் பகானின் கால்பந்துக் கம்பெனியில் நூற்றுக்கு எண்பது பங்கு எடுத்துக்கொள்வதென்றும், பழைய சங்கத்துக்கு இருபது பங்கு இருப்பதென்றும் உடன்பாடு வெளியாயிற்று. அந்தக் குழுவினரிடம் ஏற்கனவே ஏ.டி.கே. என்ற அணி இருந்தது. 2014ல் இந்தியன் ஸூப்பர் லீக் தொடங்கியபோது, ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரத்தின் அத்லெதிகோ சங்கத்தின் கூட்டுறவில் உண்டான அணி அது. 2017ல் அந்தக் கூட்டுறவு முறிந்தது. மூன்று எழுத்துகள் மட்டும் மிஞ்சின. ஆறு வயதுள்ள அந்த எழுத்துகளை நூற்றுமுப்பது வயதுள்ள பெயரின் தலைமேல் வைத்து, 'ஏ.டி.கே. மோகன் பகான்' என்று 2020 ஜூலையில் நாமகரணம் செய்தார்கள்.

அபிமானிகள் இதைப் பொறுக்கவில்லை. ஏ.டி.கே.யை நீக்குக என்பது அவர்கள் கோஷமாயிற்று. மைதானத்தில் பதாகைகள் எழுந்தன. தெருவில் ஊர்வலங்கள் போயின. சிலர் டிக்கெட் வாங்காமல் ஆட்டத்தையே பகிஷ்கரித்தனர். அணி ஜயித்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் கிளர்ச்சி நடந்ததென்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தோல்வியில் முணுமுணுப்பது யாருக்கும் வரும். கோப்பை வந்துகொண்டிருக்கும் காலத்தில் பெயருக்காகச் சண்டை போடுவது சாமானியமன்று. கடைசியில் 2023ஆம் வருஷம் மார்ச் 18ஆம் தேதி கோவாவில் நடந்த லீக் இறுதிப் பந்தயத்தில் பெங்களூர் அணியைப் பெனால்டியில் ஜயித்த அன்று, முதலாளியான ஸஞ்சீவ் கோயங்கா, இனி ஏ.டி.கே. என்ற எழுத்துகள் இரா என்று அறிவித்தார். கல்கத்தாவில் அன்று இரண்டு ஜயங்கள் கொண்டாடப்பட்டன.

ஆனால் அறிவிப்பின் பிற்பாதியையும் படிக்க வேண்டும். வெறும் மோகன் பகான் என்று பெயர் திரும்பவில்லை. 'மோகன் பகான் ஸூப்பர் ஜயன்ட்' ஆயிற்று. அதே முதலாளியின் லக்னோ கிரிக்கெட் அணிக்குள்ள பட்டத்தின் சாயல் இது. முன்னே ஒட்டியிருந்த வால் நீங்கிப் பின்னே ஒரு வால் ஒட்டிக்கொண்டது. ஜனங்கள் கேட்டதில் பாதியைக் கொடுத்து, கொடுக்கும் அதிகாரத்தை மட்டும் முழுவதும் தன்னிடமே வைத்துக்கொள்வது பழைய வித்தை. மின்டோ-மார்லி காலத்திலிருந்து நாம் அதைப் பார்த்திருக்கிறோம்.

எதிர்ப்புறத்துச் சங்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது போலத் தோன்றும், உள்ளே ஒன்றுதான். 2020ல் ஸ்ரீ சிமென்ட் கம்பெனியார் ஈஸ்ட் பெங்காலில் முதல் போட்டனர். பூர்வாங்க உடன்பாட்டில் கையெழுத்தாயிற்று. இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சங்க நிர்வாகிகள் மறுத்தனர். அங்கத்தினர்களின் உரிமை பறிபோகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கையெழுத்திடாவிட்டால் லீகில் இடம் போய்விடும் என்று அபிமானிகளில் ஒரு சாரார் பயந்தனர். மற்றொரு சாரார் நிர்வாகிகள் பக்கம் நின்றனர். 2021ஆம் வருஷம் ஜூலை 21ஆம் தேதி இரு சாராரும் சங்கத்துக் கூடாரத்தின் எதிரே திரண்டு கைகலந்தார்கள். போலீஸார் தடியடி செய்தனர். ஒரே சிவப்பு மஞ்சள் கொடியைப் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, போலீஸாரிடமும் அடி வாங்கினார்கள். பிறகு மந்திரிகள் மட்டத்தில் சமரஸம் பேசப்பட்டது. கம்பெனியார் மேலும் ஒரு வருஷம் இருந்தனர். அணி லீகில் கடைசி ஸ்தானத்தில் முடிந்தது. 2022ல் எமாமி கம்பெனியார் வந்தனர்.

ஒப்பந்தத்தின் ஷரத்துகள் என்ன என்பதைத் தெருவில் நின்றவர்களுக்கு யாராவது படித்துக் காட்டியிருந்தால் அவர்கள் அடித்துக்கொண்டிருப்பார்களா? படித்துக் காட்டி, ஓட்டெடுத்திருந்தால் என்ன முடிவு வந்திருக்கும்? நமக்குத் தெரியாது. ஓட்டெடுப்பதற்கு அங்கே வழியே இல்லாதிருந்தது என்பது மட்டும் தெரியும்.

திரண்டு நின்று குரல் கொடுப்பதற்கும் ஓட்டுப் போடுவதற்கும் உள்ள பேதத்தைக் காரைக்கால் சீமையாருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கல்கத்தாவிலிருந்து ஹூக்ளி நதிக்கரையோடு போனால் சிறிது தூரத்தில் சந்திரநாகூர். நம்மைப் போலவே பிரெஞ்சுக்காரர் கீழ் இருந்த ஊர். 1949ஆம் வருஷம் ஜூன் 19ஆம் தேதி அங்கே ஜனவாக்கெடுப்பு நடந்தது; இந்தியாவோடு சேர 7,463 பேரும், மாறாக 114 பேரும் ஓட்டளித்தனர். நமக்கு அந்தச் சந்தர்ப்பம் வரவில்லை. 1954ஆம் வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இணைப்புக்குச் சாதகமாகவும் 8 பேர் பாதகமாகவும் வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி நம் ஊர்களில் மூவர்ணக் கொடி ஏறியது. முடிவைப் பற்றி நமக்கு யாதொரு குறையும் இல்லை. ஊர்வலம் போனவர்களும் அடிபட்டவர்களும் ஆயிரக்கணக்கானவர்கள். கையெழுத்துப் போட்டவர்கள் 178 பேர். ஆனால் அந்த 178 பேரும் யாரோ முதலாளி நியமித்த டைரக்டர்கள் அல்ல; ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை, முனிசிபல் அங்கத்தினர்கள். கொம்யூனுக்குக் கொம்யூன் அவர்களைக் கேள்வி கேட்க ஊரார் இருந்தார்கள். கல்கத்தா அபிமானிக்கு இந்த அளவு கூட இல்லை.

பிற தேசங்களில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள்? ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி உண்டு. சங்கத்தின் கால்பந்துக் கம்பெனியில் யார் எவ்வளவு பணம் போட்டாலும், ஓட்டுகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது அங்கத்தினர் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். சில சங்கங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள்; சந்து கண்டு நுழைந்தவர்களும் உண்டு; ஆனாலும் விதி நிற்கிறது. ஓட்டு உள்ளவன் குரலுக்குத் தனி மதிப்பு உண்டாகிறது. லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் வெளி முதலாளிக்குப் பங்கு விற்க அங்கே முயன்றபோது, அபிமானிகள் வாரந்தோறும் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024ஆம் வருஷம் பிப்ரவரி 21ஆம் தேதி அந்த யோசனை கைவிடப்பட்டது. ஒரு மண்டை உடையவில்லை. டென்னிஸ் பந்து விற்றவனுக்குத்தான் லாபம்.

இங்கிலாந்தில் இத்தகைய விதி இல்லாதிருந்தது. கார்டிப் சங்கத்தை வாங்கிய ஒரு முதலாளி, 2012ல் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். மூன்று வருஷத்துக்குள் நீலம் திரும்ப வேண்டியதாயிற்று. 2021ஆம் வருஷம் ஏப்ரல் 18ஆம் தேதி ஐரோப்பாவின் 12 பெருஞ்சங்கங்கள், தங்களுக்கென்று ஒரு தனி லீக் ஏற்படுத்துவதாக இரவோடிரவாக அறிவித்தன. அவற்றில் ஆறு இங்கிலீஷ் சங்கங்கள். அபிமானிகள் தெருவுக்கு வந்தனர். இரண்டு நாளில் ஆறும் பின்வாங்கின. கிளர்ச்சி அதோடு நின்றிருந்தால் கல்கத்தாக் கதைதான். ஆனால் அது பார்லிமெண்டு வரை போயிற்று. 2025 ஜூலையில் அங்கே கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறிற்று. சங்கத்தின் சின்னத்தையோ, சொந்த மைதானச் சட்டையின் முக்கிய நிறத்தையோ மாற்றுவதானால், அபிமானிகளில் பெரும்பான்மையோரின் ஆதரவு வேண்டும் என்பது இன்று அங்கே சட்டம். 1911ல் பூட்ஸ் போட்டு ஆடித் தோற்றவர்கள் இந்த ஒரு விஷயத்தில் நம்மை முந்திக்கொண்டார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரான்ஸ் தேசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் காரைக்கால் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பாரிஸ்-மார்ஸேல் ஆட்டம் என்றால் இங்கே வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. 2016ஆம் வருஷம் மே மாதச் சட்டம் அங்கே அபிமானிகளோடு பேசுவதற்கென ஒரு தேசிய சபையை ஏற்படுத்திற்று. அதே சட்டம், கலகக்காரர்களை மைதானத்துக்குள் விடாமல் மறுக்கும் அதிகாரத்தையும் சங்கங்களுக்குக் கொடுத்தது. இருந்தும், 2021 ஜனவரி 30ஆம் தேதி மார்ஸேல் சங்கத்து அபிமானிகள் பயிற்சி மைதானத்துக்குள் புகுந்து மரங்களுக்குத் தீ வைத்தார்கள். அடுத்த மாதமே சங்கத்தலைவர் மாற்றப்பட்டார். தீ வைத்தால்தான் தலைவர் மாறுவார் என்ற பாடத்தை இளைஞர்கள் கற்றுக்கொண்டால், குற்றம் இளைஞர்களுடையது மட்டுமா?

அபிமானிகள் குற்றமற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. 1980ஆம் வருஷம் ஆகஸ்டு 16ஆம் தேதி, கல்கத்தா ஈடன் தோட்டத்தில் நடந்த 'பெரிய ஆட்ட'த்தில், இரு ஆட்டக்காரர்களிடையே மூண்ட சச்சரவு ஜனங்களிடையே பரவி, நெரிசலில் 16 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாக வருஷந்தோறும் அத்தேதியில் அங்கே ரத்ததானம் நடக்கிறது. 1962ல் நமது பிரதேசம் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த தேதியும் ஆகஸ்டு 16தான். இங்கே நாம் கொடியேற்றும் நாளில் அங்கே கையை நீட்டி ரத்தம் கொடுக்கிறார்கள். அவ்வளவு பெரிய சாவுக்குப் பிறகும் புத்தி முழுவதும் வந்துவிடவில்லை. 2012ஆம் வருஷம் டிஸம்பர் 9ஆம் தேதி, ஜனக்கூட்டத்திலிருந்து எறிந்த பொருள் மோகன் பகான் ஆட்டக்காரர் ரஹீம் நபியின் முகத்தில் பட்டது, மோகன் பகான் அணி இரண்டாம் பாதிக்கு இறங்க மறுத்தது, ஆட்டம் நின்றது. அகதிகளாய் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து முள்வேலியைச் சொல்லி ஏளனம் செய்யும் வழக்கமும் ஒழிந்தபாடில்லை. ஹில்ஸாவும் இறாலும் விளையாட்டு, முள்வேலி விளையாட்டன்று.

ஆனால் அதே ஜனங்கள் வேறொரு முகத்தையும் காட்டியிருக்கிறார்கள். 2024ஆம் வருஷம் ஆகஸ்டு 9ஆம் தேதி கல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் பலாத்காரம் செய்து கொல்லப்பட்டார். ஊரே கொதித்தது. ஆகஸ்டு 18ஆம் தேதி நடக்கவிருந்த டூராண்டுக் கோப்பை டெர்பி, பந்தோபஸ்துக்குப் போதிய போலீஸார் இல்லையென்ற காரணத்தால் ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லையென்றால் கூட்டம் வராது என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று சங்கத்து அபிமானிகளும் அன்று மாலை ஸால்ட் லேக் மைதானத்தின் வெளியே ஒன்றாகத் திரண்டு நியாயம் கேட்டார்கள். ஒரு கொடிக்காரன் தோள்மேல் மற்றொரு கொடிக்காரன் ஏறி நின்றான். மோகன் பகான் அணித்தலைவர் சுபாஷிஷ் போஸும் வந்து சேர்ந்துகொண்டார். கூட்டத்துக்குப் பந்தோபஸ்து கொடுக்கப் போலீஸார் இல்லை. கூட்டத்தைக் கலைக்க மட்டும் இருந்தார்கள்! தடியடி நடந்தது. 2025 ஆகஸ்டில், தாய்மொழி பேசியதற்காக வங்காளிகள் அயல்தேசத்தார் என்று நிந்திக்கப்படுவதை எதிர்த்து, ஈஸ்ட் பெங்கால் அபிமானிகள் மைதானத்தில் பெரும் பதாகை விரித்தார்கள். அதே மாதம் 17ஆம் தேதி டூராண்டுக் கோப்பையில் மோகன் பகானை இரண்டுக்கு ஒன்றாக ஜயித்து ஹில்ஸா சமைத்தவர்களும் அவர்களே. மொழிக்காகத் தெருவுக்கு வருவது எப்படிப்பட்டதென்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய ஜனங்களை வெறும் டிக்கெட் வாங்கிகளாக மதித்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மைதானத்தில் சாட்சி உண்டு. 2025ஆம் வருஷம் டிஸம்பர் 13ஆம் தேதி அர்ஜென்டைனா வீரர் மெஸ்ஸி அங்கே வந்தார். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு, அவரைச் சூழ்ந்து நின்ற பிரமுகர்களின் முதுகுதான் தெரிந்தது. நாற்காலிகள் பறந்தன. ஏற்பாடு செய்தவர் கைதானார். மாகாண விளையாட்டு மந்திரி பதவியை விட்டார். நாற்காலியை உடைத்தது தவறுதான். அந்த நாற்காலிக்குக் கொடுத்த விலைக்கு ஈடாக அவர்களுக்கு வேறு எந்த வழியில் நியாயம் கிடைத்திருக்கும் என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

இது கல்கத்தாவோடு முடியும் விஷயமுமன்று. 2010 டிஸம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், தனது வியாபார உரிமைகளைப் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரு கம்பெனிக் கூட்டுக்குக் கொடுத்தது. தவணை 2025 டிஸம்பர் 8ஆம் தேதி தீர்வதாக இருந்தது. அதைப் புதுப்பிப்பதில் தகராறு ஏற்பட்டு, 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் நமது சென்னையின் அணியான சென்னையின் எப்.ஸி., தன் காரியங்களைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. 2015லும் 2018லும் லீகை ஜயித்த அணி அது. சென்னை மைதானத்தில் கேரளா அணியோடும் பெங்களூர் அணியோடும் மோதும் நாட்களில் நீலச் சட்டையோடு தொண்டை வரளக் கத்திய இளைஞர்கள், தங்கள் அணி இருக்கிறதா இல்லையா என்பதையே பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கடுத்த செப்டம்பர் 19ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சம்மேளனத்துக்குப் புதிய அமைப்பு விதிகளை அங்கீகரித்தது. பொதுச்சபையில் பழைய ஆட்டக்காரர் 15 பேருக்கு இடம் கிடைத்தது. அது நல்ல மாறுதல்; நாம் மனமார வரவேற்கிறோம். அபிமானிகளுக்கென்று ஓர் இடமும் ஏற்படவில்லை. ஆட்டக்காரன் பத்து வருஷம் ஆடி ஓய்ந்துவிடுகிறான். அபிமானி, தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம் வரை டிக்கெட் வாங்குகிறான்.

முதலாளிகள் வேண்டாம் என்பதன்று நமது வாதம். அயல்நாட்டு ஆட்டக்காரருக்குச் சம்பளமும், பயணச் செலவும், பயிற்சிக் கூடமும் சந்தாப் பணத்தில் நடவா என்பதை நாம் அறிவோம். அவர்கள் பணம் போடட்டும், ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கட்டும், லாபம் வந்தால் எடுத்துக்கொள்ளட்டும். பெயர், சின்னம், நிறம், சொந்த மைதானம் ஆகிய நான்கையும் அவர்கள் கொண்டுவரவில்லை. வந்தபோது அவை இருந்தன, அவற்றுக்காகத்தான் வந்தார்கள். இந்த நான்கிலும் கை வைப்பதானால், அங்கத்தினர்களின் ஓட்டு இல்லாமல் முடியாது என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு ஷரத்து இருக்க வேண்டும். சம்மேளனம் அதை லீகில் சேருவதற்கு ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

மோகன் பகானில் இதற்கு வழி இன்னும் அடைபடவில்லை. கம்பெனியில் இருபது பங்கு பழைய சங்கத்திடம் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் நிர்வாகிகளை அங்கத்தினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்; ஓட்டு என்று ஒன்று இருப்பது அங்கே ஓர் இடத்தில்தான். 2025 ஜூனில் இரு கட்சியாரும் ராஜியாகிப் போட்டியில்லாமலே நிர்வாகிகள் வந்துவிட்டார்கள். தெருவில் மூன்று வருஷம் கோஷமிட்ட இளைஞர்கள், ஓட்டுப் பெட்டி வரவேண்டிய அந்த நாளில் எங்கே இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. பலர் அங்கத்தினரே அல்லர் என்பது பதிலானால், சந்தா கட்ட முன்வரும் ஒவ்வோர் அபிமானிக்கும் அங்கத்தினர் பதிவேட்டைத் திறந்துவிடும்படி கிளர்ச்சி செய்யட்டும். பதிவேடு திறந்தபின் கூடும் முதல் பொதுக்கூட்டத்தில், 'ஸூப்பர் ஜயன்ட்' என்ற இரண்டு சொற்களையும் வைத்துக்கொள்வதா நீக்குவதா என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து, கைதூக்கியல்ல, சீட்டெழுதிப் போட்டு எண்ணட்டும்.